கரிசல் காட்டுல ஓட எந்த ஷூ வாங்கலாம்?

1/
"டாக்டர், ஓடுறதுக்கு எந்த ஷூ வாங்கலாம்?"

சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி. இந்த மூன்றுக்கும் அடுத்தபடியா விளாத்திகுளத்துல என்கிட்ட அதிகம் கேட்கப்படுற கேள்வி இப்போ இதுதான். கேட்கிறவங்க மூணு வகை. போலீஸ், ராணுவ வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள். "தினமும் நடங்க" என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டோடு போன பெரியவர்கள். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்பும் குடும்பங்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க. காலுக்கும் ஆகும், காசுக்கும் ஆகும்.

2/
முதலிலேயே ஒன்று சொல்லிடுறேன். "இந்தக் கம்பெனி, இந்த மாடல்" என்று எதையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை. மாடல் வருஷத்துக்கு வருஷம் மாறும். உங்க காலும் என் காலும் ஒன்றல்ல. ஷூவைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: நீங்க ஓடும் தரை, உங்க பாதம். யூடியூபில் ஷூ பற்றிப் பேசுபவர்களில் பலர் கடற்கரைச் சாலையிலோ, பெங்களூர் பூங்காவிலோ, வெளிநாட்டு மலைப்பாதையிலோ ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அவங்க சொல்வது அவங்க தரைக்குச் சரி. நம்ம தரை கரிசல். அது வேற ஜாதி மண்.

3/
ஒரு ஷூவுக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று நினைப்பவர்களுக்கு: இரண்டாம் நிலைக் காவலர் தேர்வின் உடல்தகுதிச் சுற்றில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் எடுத்திருந்தாலும் இதைத் தாண்டாமல் வேலை கிடையாது. மானாவாரி விவசாயத்தையும் நூறு நாள் வேலையையும் நம்பி இருக்கும் வீட்டில், அந்த ஏழு நிமிஷம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது குதிகாலில் முள் ஏறினால், கணுக்கால் பிசகினால், ஒரு வருஷம் போச்சு. சிலருக்கு வயசு வரம்பே தாண்டிப் போகும்.

4/
சரி, தரைக்கு வருவோம். கரிசல் மண்ணில் களி அதிகம். அந்தக் களியில் இருக்கும் கனிமம், அடுக்கடுக்கான தகடுகள் மாதிரி. மழை பெய்தால் அந்தத் தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்து மண் உப்பும். வெயிலில் தண்ணீர் வெளியேறினால் மண் சுருங்கும். சுருங்கும்போது வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிசின் மாதிரி ஒட்டுற அதே மண்ணு, சித்திரையில் பாளம் பாளமா வெடிச்சு, கால் விரல் உள்ளே போற அளவுக்கு வாயைத் திறந்து கிடக்கும். அதனால நம்ம ஊருக்கு ஒரே ஒரு தரை கிடையாது. ஒரே இடத்தில் வருஷத்துக்கு இரண்டு தரை.

5/
ஈரக் கரிசலை முதலில் பார்ப்போம். மழை பெய்த மறுநாள் காட்டுக்குப் போகிற பெரியவர்களைக் கவனிச்சிருக்கீங்களா? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்குவாங்க. ஏன்னா பத்து எட்டுக்குள் செருப்பின் அடியில் ஒரு கிலோ மண் சேர்ந்துவிடும். குச்சியை வைத்து வழித்துப் போட்டால் அடுத்த பத்து எட்டில் மறுபடியும் சேரும். ஷூவிலும் இதுதான் நடக்கும். ஷூவின் அடியில் இருக்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவில் களி அடைத்துக்கொண்டால், கட்டை இருந்தும் இல்லாத மாதிரி. அடிப்பாகம் வழவழன்னு ஆகிவிடும். அப்புறம் பிடிப்பாவது ஒன்றாவது. வழுக்கும்.

6/
அதனால் காட்டுப் பாதையில் ஓடுகிறவர்கள் ஷூவைத் திருப்பிப் போட்டு அடிப்பாகத்தைப் பாருங்க. கட்டைகள் 5 மில்லிமீட்டர் அளவுக்கு உயரமா, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு இருந்தால் சேறு ஓரளவு உதிரும். நெருக்கமாகச் சின்னச் சின்னதா இருந்தால் களி அடைத்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்லணும். நல்லா ஊறிய கரிசலை ஜெயிக்கிற ஷூவை நான் இதுவரை பார்க்கவில்லை. ஒவ்வொரு காலிலும் 100 கிராம் எடை கூடினால், ஓடுவதற்குச் செலவாகும் சக்தி ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அரைக் கிலோ களியைக் காலில் கட்டிக்கொண்டு ஓடினால் கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. மழை பெய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் காட்டுப் பாதையை விட்டுவிட்டு, சரள் போட்ட கண்மாய்க் கரையிலோ தார் ரோட்டிலோ ஓடுங்க. அதுதான் புத்திசாலித்தனம்.

7/
அடுத்து, காய்ந்த கரிசல். இதில் பிரச்சனை வழுக்கல் இல்லை, வெடிப்பு. கால் பாதி விளிம்பிலும் பாதி அந்தரத்திலும் விழும்போது கணுக்கால் உள்பக்கமா மடங்கும். இங்கேதான் ஒரு ஃபேஷன் இடிக்கிறது. அடியில் நாலு சென்டிமீட்டர் பஞ்சு வைத்த ஷூக்கள் இப்போது பிரபலம். தார் ரோட்டில் சுகமா இருக்கும். ஆனால் வெடிச்ச நிலத்தில் அது கட்டைக்கால் கட்டி ஓடுவது மாதிரி. பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கோ, பிசகும்போது அவ்வளவு வேகமாகச் சாயும். காட்டுப் பாதைக்கு அடி தணிந்து, அகலமாக இருக்கும் ஷூதான் நிதானம்.

8/
மூன்றாவது தரை, கல்லும் பாறையும். கோவில்பட்டி பக்கம் குருமலைக்குப் போகிறவர்கள், கழுகுமலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது. பாறையில் கட்டையின் உயரம் உதவாது. ரப்பரின் தன்மைதான் உதவும். பெருவிரல் நகத்தால் அடிரப்பரை அழுத்திப் பாருங்க. லேசாகக் குழிந்து மீண்டும் எழுந்தால் பாறையைப் பிடிக்கும். பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருந்தால், ஈரப் பாறையில் உங்களைக் கீழே உட்கார வைத்துவிடும். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். அது அதன் விலை.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். அண்ணன் போட்ட ஹாக்கி ஷூவைத் தம்பி காட்டு ஓட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போவது இங்கே சகஜம். அந்தச் சின்னக் குமிழ் அடிப்பாகம் செயற்கைப் புல்தரைக்காகச் செய்தது. கல்லிலும் களியிலும் அதற்கு வேலை இல்லை.

9/
இப்போ முக்கியமான விஷயம். முள்ளு.

வெளியூர்க்காரர்களின் ஷூ விமர்சனம் எதிலும் இது வராது. நமக்கோ இதுதான் முதல் கேள்வி. சீமைக்கருவேலம் இல்லாத பாதை இந்தப் பக்கம் எங்கே இருக்கு? விறகு வெட்டி, கரிமூட்டம் போட்டு, மிச்சத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் முள் சிந்திக் கிடக்கும். காய்ந்த முள் ஊசியை விடக் கெட்டி. சாதாரண ரப்பர் செருப்பு, பஞ்சு அடி வைத்த விலை குறைந்த ஷூ, இரண்டையும் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறும்.

10/
இதற்கு நம்ம ஆட்கள் எப்பவோ விடை கண்டுபிடித்துவிட்டார்கள்: டயர் செருப்பு. பழைய லாரி டயரை அறுத்து, பட்டை வைத்து, ஆணி அடித்துக் கொடுப்பார்கள். முள் ஏறாது, கல் குத்தாது, லேசில் தேயாது. குறை என்னவென்றால் கனம், மெத்தென்று இருக்காது, ஈரத்தில் வழுக்கும்.

வேடிக்கை என்ன தெரியுமா? இன்றைக்கு உலகத்தின் பெரிய கம்பெனிகள் சில, மலைப்பாதை ஷூக்களின் அடிப்பாகத்துக்கு கான்டினென்டல், மிஷ்லின் போன்ற டயர் கம்பெனிகளின் பெயர் போட்ட ரப்பரைத்தான் வைக்கின்றன. நம்ம தாத்தாக்கள் சிரிப்பார்கள்.

11/
முள்ளுக்காக ஷூவில் பார்க்க வேண்டியது: நடுப்பஞ்சுக்கும் அடிரப்பருக்கும் இடையில் மெல்லிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் தகடு வைத்த மாடல்கள் உண்டு. கூர்மையான கல்லுக்காகச் செய்தது. முள்ளையும் பெருமளவு தடுக்கும். கடையில் "ராக் பிளேட் இருக்கா?" என்று கேளுங்க. அது இல்லாவிட்டால், அடிரப்பர் பாதம் முழுக்க இருக்கா என்று பாருங்க. எடையைக் குறைக்க நடுவில் ரப்பரை விட்டுவிட்டு வெறும் பஞ்சு தெரியும்படி செய்த ஷூக்கள் நிறைய. அந்த இடைவெளிதான் முள்ளுக்கு வாசல்.

12/
இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? முள் வெறும் காலில் குத்துவதற்கும் ஷூவைத் துளைத்துக்கொண்டு குத்துவதற்கும் வித்தியாசம் இருக்கு. வியர்த்து ஊறிய ஷூவின் பஞ்சில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கும். ஷூவை ஊடுருவிப் போகும் ஆணியோ முள்ளோ, அந்தக் கிருமியையும் சேர்த்து உள்ளே தள்ளும். அபூர்வமாக அது எலும்பு வரை போய்ச் சீழ் வைக்கும். வழக்கமாகக் கடையில் வாங்கிப் போடும் ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றுக்கு இது அடங்காது. குத்தி ஒரு வாரம் கழிச்சு வலி குறைவதற்குப் பதில் கூடினால், பாதம் ஊன்ற முடியாவிட்டால், உடனே டாக்டரைப் பாருங்க. "ஷூ போட்டிருந்தேன், அதைத் துளைச்சுக்கிட்டு ஏறுச்சு" என்பதையும் மறக்காமல் சொல்லுங்க.

13/
முள் குத்தினால் என்ன செய்யணும்?

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்க. நுனி வெளியே தெரிந்தால் சுத்தமான இடுக்கியால் குத்திய திசையிலேயே இழுத்து எடுங்க. தெரியாவிட்டால் ஊக்கு வைத்து நோண்டாதீங்க. எருக்கம்பால் வைத்தால் முள் வெளியே வரும் என்பது நம்ம பக்கத்துப் பழக்கம். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும். கை தவறிக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

முள் உள்ளே ஒடிந்துவிட்டதா என்ற சந்தேகம் இருந்தால், எக்ஸ்ரேயில் பொதுவாக முள் தெரியாது. ஸ்கேனில் தெரியும்.

தடுப்பூசி: பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி போடப்படும். அழுக்குக் காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் ஒன்று போட வேண்டும். ஒவ்வொரு கீறலுக்கும் ஊசி தேவையில்லை. ஆனால் சின்ன வயசில் ஊசியே போடாத பெரியவர்கள் அவசியம் டாக்டரிடம் கேளுங்க.

14/
ஒரு நோய்க்கு நம்ம பக்கத்து ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள், தெரியுமா? "மதுரா ஃபூட்". மதுரைக் கால். 1842-இல் மதுரை மருந்தகத்தில் கில் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். 1860-இல் வான்டைக் கார்ட்டர் என்பவர் இதற்கு மைசிடோமா என்று பெயர் வைத்தார். வெறுங்காலில் முள் குத்தும்போது மண்ணில் இருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய், வருஷக்கணக்கில் மெதுவாக வளரும். பாதம் வீங்கும், துளை விழும், துளை வழியாகக் குருணை மாதிரி வெளியே வரும். ஆரம்பத்தில் வலி இருக்காது. அதனால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இது வராமல் தடுக்க எளிய வழி, காலில் மூடிய காலணி.

15/
பிடிப்பு பற்றிப் பேசியாச்சு. இனி "சப்போர்ட்".

கடையில் உங்க காலைப் பார்த்ததும், "சார், உங்களுக்கு ஃபிளாட் ஃபூட், இந்த ஸ்பெஷல் சப்போர்ட் ஷூதான் போடணும்" என்று இரண்டாயிரம் கூடச் சொல்வார்கள். அமெரிக்க ராணுவத்தின் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பாத வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூ. மறு பாதிக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே வகை ஷூ. பயிற்சியில் ஏற்பட்ட காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே பாதம் தட்டையா இருக்கு என்ற ஒரே காரணத்துக்காக, வலி எதுவும் இல்லாதவர், கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஓடும்போது வலிக்கிறவர் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்க.

16/
இதோடு சேர்த்து நம்ம நாட்டு ஆய்வு ஒன்று. 1992-இல் ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2300 குழந்தைகளின் பாத அச்சைப் பார்த்தார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். மூடிய ஷூ போட்டவர்களில்தான் அதிகம்.

அதாவது, சின்னப் பிள்ளைகள் வீட்டிலும் சுத்தமான முற்றத்திலும் வெறுங்காலோடு ஓடியாடட்டும். பாதம் தானாக வலுப்படும். முள்ளுக் காட்டுக்குப் போகும்போது மட்டும் மூடிய காலணி. இரண்டும் முரண் இல்லை. இடம் பார்த்துப் போடணும், அவ்வளவுதான்.

17/
அப்போ சப்போர்ட் என்றால் என்ன? என் கணக்கில் மூன்று.

ஒன்று, குதிகாலை இருபுறமும் பிடிக்கும் பின்பகுதி விரலால் அமுக்கினால் சுருங்காமல் நிற்கணும்.
இரண்டு, கயிற்றைக் கட்டியதும் பாதத்தின் நடுப்பகுதி ஷூவோடு ஒட்டி இருக்கணும். சாய்வில் நின்றால் கால் ஷூவுக்குள்ளேயே வழுக்கக் கூடாது.
மூன்று, விரல்களுக்கு இடம் இருக்கணும்.

மூன்றாவதில்தான் நம்ம ஆட்களுக்குச் சிக்கல். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விசிறி மாதிரி அகலமா இருக்கும். பல ஷூக்கள் குறுகிய பாதத்துக்குச் செய்தவை. அகலம் போதாமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். நீளம் கூடிப்போய்த் தடுக்கி விழுகிறார்கள். நீளத்தைக் கூட்டாதீங்க. அகல அளவு உள்ள மாடலைக் கேளுங்க.

18/
அபேபே பிகிலா என்ற எத்தியோப்பியர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி மாரத்தான் ஜெயித்ததை எல்லாரும் சொல்வார்கள். "பாருங்க, ஷூவே தேவையில்லை" என்பார்கள். அவர் வெறுங்காலோடு ஓடியதற்குக் காரணம், கிடைத்த ஷூ காலுக்கு ஒத்துவரவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடினார். அதிலும் தங்கம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: பொருந்தாத ஷூவைவிடப் பழகிய கால் மேல். பொருந்துகிற ஷூ கிடைத்தால் அதைப் போடு.

19/
கடையில் செய்ய வேண்டிய சோதனைகள். படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்க.

• சாயங்காலம் போங்க. நாள் முழுக்க நின்ற கால் லேசா வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும்.
• ஓடும்போது போடும் காலுறையோடு போட்டுப் பாருங்க.
• உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்க. விரல் ஓரம் அட்டையை விட்டு வெளியே வழிந்தால் அந்த ஷூ குறுகல்.
• நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப் போகும்.
• ஷூவை மடக்குங்க. விரல் மடங்கும் இடத்தில் மடங்கணும். நடுவில் மடங்கினால் வேண்டாம்.
• இரண்டு காலிலும் போட்டு கடைக்குள்ளேயே கொஞ்சம் ஓடுங்க. வெட்கப்படாதீங்க. "போகப் போகச் சரியாயிடும்" என்று கடைக்காரர் சொல்லலாம். ஓடும் ஷூ முதல் நாளே சுகமா இருக்கணும்.

20/
வாங்கிய பிறகு: தேர்வு நாளுக்குப் புது ஷூ கூடாது. குறைந்தது மூன்று வாரம் அதிலேயே ஓடிப் பழகியிருக்கணும்.

பொதுவாக ஒரு ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும் என்பார்கள். கட்டைகள் மொட்டையானால் காட்டுப் பாதைக்கு ஆகாது. ரோட்டில் நடக்க வைத்துக்கொள்ளலாம்.

நனைந்தால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் காய வையுங்க. நம்ம ஊர் வெயிலில் மொட்டை மாடியில் காய வைத்தால் பசை விட்டுப் போகும். ஈரத்தோடு மறுநாள் போட்டால் சேற்றுப்புண் வரும்.

கொஞ்சம் காசு இருந்தால்தான் இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தள்ளுபடி மாதத்தில் போன வருஷ மாடலை வாங்குங்க. மூவாயிரத்துக்கு உள்ளேயே உருப்படியான ஷூ கிடைக்கிறது.

21/
கணுக்கால் பிசகினால் எப்போது எக்ஸ்ரே? எளிய விதி இருக்கு. பிசகிய உடனேயும் டாக்டரிடம் வரும்போதும் நாலு எட்டு ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எடுக்கணும். கணுக்கால் எலும்பின் பின் ஓரத்தையோ நுனியையோ, பாதத்தின் வெளிப்பக்க நடுவில் புடைத்திருக்கும் எலும்பையோ, உள்பக்கம் பாத வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பையோ அமுக்கினால் வலித்தாலும் எடுக்கணும். இவை எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் எலும்பு முறிவு இருக்காது. சுளுக்கு எடுப்பவரிடம் போய்த் திருகாதீங்க. முறிந்த எலும்பைத் திருகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தடவை பிசகிய கால் மறுபடி பிசகும். அதைத் தடுக்க உயரமான ஷூவை விட நம்பகமானது சமநிலைப் பயிற்சி. தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்க. ஒரு காலுக்கு ஒரு நிமிஷம். காசு இல்லாத சப்போர்ட்.

22/
இதுவரை ஓடுகிற பிள்ளைகளுக்குச் சொன்னேன். இனி அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கு. இதை எழுதும்போது எனக்கு எங்க அய்யா ஞாபகம் வராமல் இருக்காது.

அய்யாவுக்கு உளுந்தும் பருத்தியும் போட்ட கரிசல் காடு. டயர் செருப்பு ஒன்று வச்சிருந்தார். டவுனுக்குப் போகும்போது மட்டும் போடுவார். காட்டுக்குள்ள வெறுங்கால்தான். "இது மண்ணுல வெளஞ்ச காலுடா, இதுக்கு என்ன ஆகப்போகுது" என்பார். ஐம்பது வயசுக்கு மேல் சர்க்கரை வந்தது. "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னாராம். சுகமா இருக்குன்னு நினைச்சுத்தான் சொல்லியிருக்கார்.

23/
நான் அப்போ மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். புரட்டாசி விதைப்பு. முள் ஏறியிருக்கு. அவருக்குத் தெரியவே இல்லை. நாலு நாள் அந்தக் காலோடு காட்டு வேலை பார்த்திருக்கிறார். அம்மா பாயைச் சுருட்டும்போது கறையைப் பார்த்துவிட்டுக் காலைத் திருப்பியிருக்கிறார். அதற்குள் பாதம் கறுத்துவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துத்தான் காலைக் காப்பாற்ற முடிந்தது.

நான் போய் நின்றபோது அய்யா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வலிக்கவே இல்லையேடா. வலிக்காத கால்ல எப்பிடிடா நோய் வரும்?"

வலிக்காததுதான் நோய், அய்யா.

24/
இதைத் தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே உலகத்துக்குச் சொன்னவர் ஒருவர் உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை பெரும்பாலோர் நம்பினார்கள். அவர் கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: நரம்பு மரத்துப் போவதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படவில்லை. காயம்தான் பாதத்தைத் தின்கிறது. அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் மரத்த பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பர் வைத்த காலணிகளை உருவாக்கினார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றைக்கு நாங்கள் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுப்பது அந்த வழியில் வந்ததுதான்.

அய்யாவும் அதைப் போட்டார். "ஆஸ்பத்திரிச் செருப்பு" என்று கேலி பண்ணிக்கொண்டே, அதன்பிறகு பதினோரு வருஷம் தன் கால்களிலேயே நடந்தார். காட்டுக்கு மட்டும் அதன் அடியில் டயர் பட்டை ஒட்டிக் கொடுத்தார் எங்க ஊர்ச் செருப்புத் தொழிலாளி ஒருவர். மெத்தும் இருந்தது, முள்ளும் ஏறவில்லை. நான் பார்த்ததிலேயே நல்ல ஷூ அதுதான்.

25/
இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் சர்க்கரை இருக்கும் பெரியவரை உட்கார வையுங்க. கண்ணை மூடச் சொல்லுங்க. உங்க ஆள்காட்டி விரலால் அவரின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக லேசாகத் தொடுங்க. அழுத்த வேண்டாம். ஒன்றிரண்டு வினாடி போதும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு விரல். தொடும்போதெல்லாம் "ம்" சொல்லச் சொல்லுங்க. இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அது மரத்த கால். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்க. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

26/
பாதயாத்திரை போகிறவர்களுக்கு: விளாத்திகுளத்திலிருந்து திருச்செந்தூர் எண்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். வெறுங்காலில் போவது நேர்த்திக்கடன் என்றால் அதை நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் மேலே சொன்ன சோதனையில் மரத்துப் போன காலுக்கு வெயில் காய்ந்த தார் ரோடு அடுப்பு. கொப்பளம் வந்தாலும் தெரியாது. அவர்கள் காலணியோடு நடந்து, கோயில் வாசலில் கழற்றி வைக்கட்டும். முருகனுக்குத் தெரியும். நடக்கிற எல்லோரும் பழகிய காலணியைப் போடுங்க. யாத்திரைக்கென்று புதுசு வாங்கி அன்றைக்கே போடாதீங்க. இரவு தங்கும் இடத்தில் வெளிச்சத்தில் பாதத்தின் அடியைப் பாருங்க. உங்களுக்குக் குனிய முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்க.

விடியுமுன் ஓடுகிற, நடக்கிற எல்லோரும் கையில் டார்ச் வைத்திருங்க. நம்ம காட்டில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் உண்டு. மூடிய ஷூ ஓரளவு காப்பாற்றும். வெளிச்சம் அதைவிட நல்லாக் காப்பாற்றும்.

27/
சுருக்கமா:

• காட்டுப் பாதைக்கு: உயரமான, இடைவெளி விட்ட கட்டை. தணிந்த, அகலமான அடி.
• கல்லுக்கும் பாறைக்கும்: மென்மையான ரப்பர்.
• முள்ளுக்கு: உள்ளே தகடு, அல்லது இடைவெளி இல்லாத முழு ரப்பர் அடி.
• சப்போர்ட் என்பது உறுதியான குதிகால், நடுவில் பிடிப்பு, விரலுக்கு இடம்.
• மழை பெய்தால் கரிசலோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரோட்டுக்குப் போங்க.
• சர்க்கரை இருந்தால், எந்த ஷூ என்பதற்கு முன், கால் மரத்திருக்கா என்று பாருங்க. ஷூவைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்க.

தேர்வுக்கு ஓடுகிற தம்பி, தங்கைகளுக்கு: உங்க ஷூ அளவு, ஓடுகிற தரை, எங்கே வலி என்ற மூன்றையும் பின்னூட்டத்தில் எழுதுங்க. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்றேன். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் ஷூவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இருக்காதீங்க.